744க்கு 744: சேப்பாக்கத்தில் யாரும் தோற்காத ஐந்து நாட்கள்

ஒரகடம் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். நைட் ஷிஃப்ட் முடித்து, கண் எரியக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு விதம். தோளில் பேட்டும் கையில் டென்னிஸ் பந்துமாக, இன்னும் கட்டடம் எழும்பாத சிப்காட் மனைகளையும் தண்ணீர் வற்றிய ஏரிகளையும் தேடிப் போகிறவர்கள் இன்னொரு விதம். பல நேரம் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு நேராக ஆட வந்திருப்பார்.

தேனிப் பையன்கள் ஒரு டீம், திருவண்ணாமலைப் பையன்கள் ஒரு டீம், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து ஒரு டீம். பத்து ஓவர் மேட்ச். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். எப்போதாவது இரண்டு டீமும் ஒரே ரன்னில் வந்து நின்றுவிட்டால் மைதானம் சந்தைக்கடை ஆகிவிடும். "சூப்பர் ஓவர் போடு" என்று ஒருவர், "நேரமில்லை, டாஸ் போட்டுடலாம்" என்று இன்னொருவர், மூன்றாவது ஓவரில் கொடுக்காமல் விட்ட ஒரு வைடை நினைவுபடுத்தி மூன்றாமவர். சமம் என்று சொல்லிக் கை குலுக்கிப் போக யாருக்கும் மனசு வருவதில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் சேப்பாக்கம் மைதானத்தில் ஒரு மேட்ச் அப்படித்தான் சமமாக முடிந்தது. 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை, ஐந்து முழு நாட்கள். ஆஸ்திரேலியா இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 744 ரன். இந்தியா இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 744 ரன். நூற்றைம்பது ஆண்டுகளை நெருங்கும் டெஸ்ட் வரலாற்றில் 2,500க்கும் மேற்பட்ட போட்டிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் ‘டை’ ஆனவை இரண்டே இரண்டு. ஒன்று 1960இல் பிரிஸ்பேனில். மற்றொன்று நம் சென்னையில்.

அந்த செப்டம்பரில் இந்த ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில் தடம் என்று ஒன்று இல்லை. ஸ்ரீபெரும்புதூர் என்றால் இராமானுஜர் அவதரித்த தலம். சுற்றிலும் ஏரியும் வயலும். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார் வெளிவரத் தொடங்கியது 1998இல். ஒரகடத்தில் நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்ட் என்று பெயர்ப் பலகைகள் எழும்பியது 2010ஐ ஒட்டியும் அதற்குப் பிறகும்தான். இன்று இங்கே லைனில் நிற்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் அந்த மேட்ச் நடந்தபோது பிறக்கவே இல்லை. அவர்களில் பலருக்கு அது யூடியூபில் வரும் ஒரு நிமிடத் துண்டு: கடைசிப் பந்து, உயரும் அம்பயரின் விரல், பந்து பேட்டில் பட்டது என்று வாதிடும் ஒரு சர்தார்.

அந்த ஒரு நிமிடம் அந்த மேட்ச் அல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. 744ஐ 744ஆக்கியது ஒரு பந்தும் அல்ல, ஒரு விரலும் அல்ல. ஐந்து நாள் வேலை அது. யார் யார் செய்த வேலை என்பதை வரிசையாகப் பார்த்தால், இதுவரை பெயர் சொல்லப்படாத பலர் முன்னால் வந்து நிற்பார்கள்.

*

மேட்ச் தொடங்கியபோது இரண்டு அணிகளின் நிலைமையும் நேர் எதிர். கபில் தேவ் தலைமையிலான இந்தியா சில வாரங்களுக்கு முன்புதான் இங்கிலாந்தில் 2-0 என்று தொடரை வென்று திரும்பியிருந்தது. ஆலன் பார்டரின் ஆஸ்திரேலியாவோ ஆஷஸ் தொடரை இழந்து, சொந்த மண்ணில் நியூசிலாந்திடமும் தோற்று, சோர்ந்துபோன அணி. அதற்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்தவர் பாப் சிம்சன். பிரிஸ்பேனில் நடந்த முதல் டை டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரராக 92, 0 என்று எடுத்த அதே சிம்சன். டெஸ்ட் வரலாற்றின் இரண்டு டை மேட்ச்களிலும் ஆஸ்திரேலியா ஆடியது, இரண்டிலும் அவர் அங்கே இருந்தார்.

இந்தியாவுக்கும் ஒரு காயம் இருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன், ஏப்ரல் 18 அன்று ஷார்ஜாவில், கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ரன் தேவைப்பட்ட நிலையில் ஜாவேத் மியாந்தாத் சிக்ஸர் அடித்திருந்தார். பந்து வீசியவர் சேத்தன் ஷர்மா. இருபது வயதே ஆன அந்தப் பையன் நாடு முழுக்கப் பட்ட ஏச்சுக்குக் கணக்கில்லை. சேப்பாக்கத்தில் அவரும் இருந்தார். அவர் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

டாஸ் ஆஸ்திரேலியாவுக்கு. டேவிட் பூன் 122 அடித்து முதல் நாள் மாலை அவுட்டானார். அன்றைய ஆட்டம் முடிந்தபோது 2 விக்கெட்டுக்கு 211. மூன்றாவதாக இறங்கி ஆடிக்கொண்டிருந்தவர் டீன் ஜோன்ஸ். வயது 25, விக்டோரியா மாநிலத்துக்காரர், அது அவருடைய மூன்றாவது டெஸ்ட்தான். முந்தைய இரண்டும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெஸ்ட் இண்டீஸில் ஆடியவை. இந்த மேட்சில் சோபிக்காவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று தெரியாத நிலை.

சென்னையின் செப்டம்பரைத் தெரிந்தவர்களுக்கு அடுத்த நாள் நடந்தது விளங்கும். வெயில் மட்டும் என்றால் தாங்கிவிடலாம். காற்றிலேயே ஈரம் கனத்து நிற்கும்போது, உடலில் வழியும் வியர்வை காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. இரண்டாம் நாள் ஜோன்ஸுக்கு முதலில் குமட்டல் வந்தது. பிறகு ஆடுகளத்தின் ஓரத்திலேயே வாந்தி. கை கால்களில் தசைப்பிடிப்பு. சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் போயிற்று. ஓடி ரன் எடுக்க முடியாதபோது பவுண்டரியாக அடிக்கப் பார்த்தார். 170ஐத் தாண்டியதும், இனி முடியாது, உள்ளே போகிறேன் என்று எதிர்முனையில் இருந்த கேப்டன் பார்டரிடம் சொன்னார். பார்டர் குவீன்ஸ்லாந்துக்காரர். அப்படியானால் மன உறுதியுள்ள ஒரு குவீன்ஸ்லாந்து ஆளை வரச் சொல்கிறேன் என்கிற தோரணையில் அவர் பதில் சொன்னது கிரிக்கெட் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. அடுத்து காத்திருந்த கிரெக் ரிச்சி குவீன்ஸ்லாந்துக்காரர்தான்.

ஜோன்ஸ் போகவில்லை. எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று, 330 பந்துகளில் 210 எடுத்தார். பார்டருடன் சேர்ந்து நான்காவது விக்கெட்டுக்கு 178. அவுட்டாகி வந்தவரை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்தார்கள். பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள். அந்த இன்னிங்ஸின் பெரும்பகுதி தன் நினைவிலேயே இல்லை என்று அவர் பிற்காலத்தில் பலமுறை சொன்னார்.

இதைப் படிக்கும்போது ஒரகடத்துத் தொழிலாளிக்கு வேறு சில காட்சிகள் கண்முன் வரலாம். ஃபவுண்டரி, பெயின்ட் ஷாப், மே மாத மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே வெல்டிங். டீன் ஜோன்ஸின் 210ஐ மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக இன்றும் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். அந்த உறுதி உண்மை, அதை வணங்கத்தான் வேண்டும். ஆனால் வாந்தி எடுக்கிறவரை வெயிலில் தொடர்ந்து நிற்க வைத்தது சரியான செயல் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெப்பத் தாக்கு உயிரைக் குடிக்கும். அன்று அவர் பிழைத்தது அவருடைய வயதாலும் அதிர்ஷ்டத்தாலும். தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. தலை சுற்றுகிறது என்று ஒரு தொழிலாளி சொன்னால் அவரை நிழலில் உட்கார வைத்து உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுக்க வேண்டுமே தவிர, சேப்பாக்கம் கதையைச் சொல்லி லைனுக்குத் திருப்பி அனுப்பக் கூடாது.

*

ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 எடுத்து டிக்ளேர் செய்தது. இந்த மலையைப் பார்த்து இந்தியா தடுமாறியது. உள்ளூர்ப் பிள்ளை கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் வழக்கம்போல் அடித்து நொறுக்கி 53 எடுத்தார். ஆனால் ஸ்கோர் 62இலிருந்து 65ஐத் தொடுவதற்குள் மூன்று விக்கெட்டுகள் போய்விட்டன. அசாருதீன் 50, ரவி சாஸ்திரி 62. அப்புறமும் 245க்கு 7. ஃபாலோ ஆனைத் தவிர்க்க 375 வேண்டும். அதாவது மூன்று விக்கெட்டுகளை வைத்துக்கொண்டு இன்னும் 130 ரன்.

கபில் தேவ் அங்கேதான் எழுந்து நின்றார். அவருடைய 119 ரன்னில் 21 பவுண்டரிகள். அந்த நூறைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. அவருக்கு எதிர்முனையில் நின்றவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எட்டாவது விக்கெட்டுக்குக் கபிலுடன் 85 ரன் சேர்த்தது சேத்தன் ஷர்மா. அவர் பங்கு 30. ஒன்பதாவது விக்கெட்டுக்கு 57 சேர்த்தது ஐதராபாத் ஆஃப் ஸ்பின்னர் சிவ்லால் யாதவ். அவர் பங்கு 19. இந்தியா 397இல் ஆல் அவுட். 30, 19 என்ற இந்தச் சில்லறை எண்களில் ஒரே ஒரு ரன் குறைந்திருந்தால் ஐந்தாம் நாள் மாலை கதையே வேறு.

நான்காம் நாள் மாலை ஆஸ்திரேலியா 5 விக்கெட்டுக்கு 170. மணிந்தர் சிங் மூன்று விக்கெட் எடுத்தார். எதிரணிக்கு ஆட வாய்ப்பே கொடுக்காமல் மறுநாள் மதியம் வரை ஆடி, டிராவை உறுதி செய்துகொள்வதுதான் அன்றைய கேப்டன்களின் வழக்கம். அதிலும் தோல்விமேல் தோல்வி கண்ட அணி என்றால் கேட்கவே வேண்டாம். பார்டர் அப்படிச் செய்யவில்லை. ஐந்தாம் நாள் காலையில், ஆடியது போதும் என்று டிக்ளேர் செய்தார். இந்தியாவுக்கு இலக்கு 348. கையில் குறைந்தது 87 ஓவர்.

அந்த முடிவு இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. ஜோன்ஸிடம் கடுமையாக நடந்துகொண்ட அதே மனிதர், தோற்கும் அபாயத்தை வலிய எடுத்துக்கொண்டு ஒரு மேட்சை உயிரோடு வைத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும்.

*

ஐந்தாம் நாள். சுனில் கவாஸ்கருக்கு அது தொடர்ச்சியாக நூறாவது டெஸ்ட். ஒரு மேட்ச்கூட விடாமல் 1975 முதல் ஆடிவந்தவர். ஸ்ரீகாந்த் 39 அடித்து வேகம் கொடுத்துவிட்டுப் போக, கவாஸ்கரும் மொகிந்தர் அமர்நாத்தும் இரண்டாவது விக்கெட்டுக்கு 103 சேர்த்தார்கள். தேநீர் இடைவேளையில் 2 விக்கெட்டுக்கு 190. மீதமுள்ள 30 ஓவரில் 158 வேண்டும். இன்றைய டி20 கண்ணுக்கு அது சுலபமான கணக்கு. அன்று, ஐந்தாம் நாள் ஆடுகளத்தில், ஓவருக்கு ஐந்துக்கு மேல் என்பது துணிச்சல்.

டிரான்சிஸ்டர்கள் காதில் ஏறிய நேரம் அது. தமிழில் கிரிக்கெட் வர்ணனை என்றால் அந்தக் காலத்தில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், வி. ராமமூர்த்தி போன்றோரின் குரல்கள். பந்து வீச்சாளர் ஓடி வருவதையும் மட்டையில் பட்ட பந்து புல்லை உரசிப் போவதையும் கேட்பவர் மனக்கண்ணில் வரைந்து காட்டிய தலைமுறை. டிவி இருந்த வீடுகளில் தெருவே கூடும். இல்லாத தெருக்களில் டீக்கடை வானொலியே மைதானம்.

ஆஸ்திரேலியா பக்கம் ஒருவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். கிரெக் மேத்யூஸ், ஆஃப் ஸ்பின்னர். சென்னை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசிய ஒரே மனிதராக அவர்தான் இருப்பார். அன்று 39.5 ஓவர், நாள் முழுக்க ஏறக்குறைய ஒரு முனையே அவருடையது. முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட், இரண்டாவதில் 5 விக்கெட். எதிர்முனையில் இடக்கை ஸ்பின்னர் ரே பிரைட், 25 ஓவரில் 5 விக்கெட். அன்று விழுந்த பத்து விக்கெட்டுகளும் இந்த இரண்டு ஸ்பின்னர்களுக்கே. மெக்டெர்மாட், ரீட் என்ற உயரமான வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கடைசி நாளில் ஒன்றுமில்லை. மேத்யூஸ் பந்தைப் பலர் அடித்தார்கள். 146 ரன் கொடுத்தார். ஆனால் பந்தைக் கீழே வைக்கவில்லை.

204இல் கவாஸ்கர் அவுட். 90 ரன். பிரைட் பந்தில் கேட்ச் பிடித்தவர், மூன்று நாட்களுக்கு முன் சலைன் ஏற்றிக்கொண்டு படுத்திருந்த டீன் ஜோன்ஸ். 251இல் அசாருதீன். 253இல் கபில், வெறும் ஒரு ரன்னில். முதல் இன்னிங்ஸின் நாயகன் போனதும் மேட்ச் கைவிட்டுப் போனது என்று நினைத்தவர்கள் உண்டு. சந்திரகாந்த் பண்டிட் வந்து விறுவிறுவென்று 39 அடித்தார். 291இல் அவர் போனதும் வந்தவர், நாம் நினைவில் வைத்துக்கொண்ட சேத்தன் ஷர்மா. சாஸ்திரியுடன் சேர்ந்து 40 ரன். ஷார்ஜாவின் பழியைச் சுமந்த பையன் இந்தியாவை வெற்றியின் வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தார். 331க்கு 6. ஐந்து ஓவர் மீதம். வேண்டியது 17 ரன். கையில் நான்கு விக்கெட்.

அங்கேதான் பிரைட் திருப்பினார். 331இல் சேத்தன் ஷர்மா கேட்ச். 334இல் கிரண் மோரே எல்.பி.டபிள்யூ., ரன் ஏதும் இல்லை. சிவ்லால் யாதவ் இறங்கினார். மேத்யூஸ் பந்தைத் தூக்கி ஒரு சிக்ஸர். அரங்கம் அதிர்ந்தது. 344இல் பிரைட்டின் பந்தில் அவரும் போல்ட். எட்டுப் பந்துகளில் 4 ரன் வேண்டும், ஒரே ஒரு விக்கெட் மீதம். வந்தவர் 21 வயது மணிந்தர் சிங். பந்துவீச்சில் கலைஞர், பேட்டிங்கில் கடைசி ஆள் என்பதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை. பிரைட்டின் மீதி இரண்டு பந்துகளையும் எப்படியோ தாங்கினார்.

கடைசி ஓவர். மேத்யூஸ் வீச, சாஸ்திரி முனையில். முதல் பந்து: தடுப்பாட்டம். இரண்டாவது: லெக் பக்கம் தட்டிவிட்டு இரண்டு ரன். மூன்றாவது: ஒரு ரன். ஸ்கோர் சமம். இனி இந்தியா தோற்க முடியாது. ஆனால் சாஸ்திரி இப்போது மறுமுனையில். மூன்று பந்துகளும் மணிந்தருக்கு. நான்காவது பந்தை மணிந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. மேத்யூஸும் சுற்றி நின்ற அத்தனை பேரும் கத்த, அம்பயர் வி. விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. மணி மாலை 5.18. இந்தியா 347, ஆல் அவுட், 86.5 ஓவர்.

நடுவில் ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும், பலர் இதில் குழம்புகிறார்கள். மணிந்தர் அந்த ஓவரின் கடைசி இரண்டு பந்துகளையும் ரன் எடுக்காமல் தாங்கியிருந்தால் அது ‘டை’ ஆகியிருக்காது. ஸ்கோர் சமமாக இருந்தும் ‘டிரா’ என்றுதான் பதிவாகியிருக்கும். கடைசியாக ஆடும் அணி முழுவதும் அவுட்டாகி ஸ்கோர் சமமானால்தான் டெஸ்டில் டை. அதனால்தான் அது இவ்வளவு அரிது.

*

அன்று இரவே பழி சுமத்தும் வேலை தொடங்கிவிட்டது. பந்து பேட்டில் பட்டுத்தான் காலில் பட்டது என்று மணிந்தர் சொன்னார், பிற்காலத்திலும் அதையே சொல்லிவந்தார். விக்ரம்ராஜு தன் முடிவு சரி என்று உறுதியாக நின்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு டெஸ்டிலும் அம்பயராக நிற்கவில்லை. இன்னொரு பக்கம், மூன்றாவது பந்தில் சாஸ்திரி ஏன் ஒரு ரன் ஓடினார் என்ற கேள்வி. ஸ்ட்ரைக்கைத் தானே வைத்துக்கொண்டு அடித்திருக்கலாமே? அவர் பதில் எளிமையானது: அந்த ஒரு ரன்னால்தான் இந்தியா தோற்கும் வாய்ப்பு முற்றாக இல்லாமல் போனது. 48 ரன்னுடன் அவுட்டாகாமல் நின்றவரின் பதில் அது.

சாஸ்திரி செய்தது சரி. 347க்கு 9 என்று கையில் இருப்பதை விட்டுவிட்டு, 346இல் நின்றுகொண்டு ஒரு பெரிய அடியை நம்பியிருந்தால், அது தவறிய மறுநாள் இதே ஆட்கள் அவரைத் தூற்றியிருப்பார்கள். விக்ரம்ராஜுவைப் பொறுத்தவரை, டிஆர்எஸ் இல்லாத காலம் அது. ஒரே பார்வை, ஒரே கணம், சொந்த நாட்டு அணிக்கு எதிரான முடிவு. அது தவறாகவே இருந்திருந்தாலும், அந்தத் துணிவுக்கு இந்த நாடு அவருக்குக் கொடுத்த கூலி குறைவு.

கடைசியில் கைபட்டவன் தலையில் மொத்தப் பழியையும் கட்டுவது தொழிற்சாலையிலும் உண்டு. லைனின் இறுதியில் ஒரு வண்டி நின்றால், கடைசி நிலையத்தில் இருப்பவரைத்தான் முதலில் கேட்பார்கள். பிழை எத்தனையோ நிலையம் முன்னால் நுழைந்திருக்கும். அனுபவமுள்ள சூப்பர்வைசர் பின்னோக்கி நடந்து போய்ப் பார்ப்பார். சேப்பாக்கத்திலும் அப்படிப் பின்னோக்கி நடந்து பார்த்தால் மணிந்தருக்கு முன்னால் எத்தனை பேர்! 53க்கு மேல் நீளாத ஸ்ரீகாந்த், 90இல் நின்ற கவாஸ்கர், ஒரு ரன்னில் போன கபில். எதிர்ப்பக்கம், ஐந்தாம் நாள் காலையில் ஒரே ஒரு ஓவர் கூடுதலாக ஆட மனமில்லாத பார்டர். ஆட்டநாயகன் விருதை ஜோன்ஸுக்கும் கபிலுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். நியாயம்தான். ஆனால் பத்து விக்கெட் எடுத்த மேத்யூஸுக்கு அதில் இடம் இல்லாதது இன்றும் உறுத்துகிறது.

அந்தத் தொடரின் மற்ற இரண்டு டெஸ்ட்களும் டிரா. மூன்று மேட்ச் ஆடியும் முடிவு 0-0.

*

உலகில் நெருக்கமான ஆட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பிரிஸ்பேனில் 1960 டிசம்பர் 14 அன்று நடந்தது இதைவிடக் கூர்மையானது என்பவர்கள் உண்டு. வெஸ் ஹால் வீசிய கடைசி ஓவருக்கு எட்டுப் பந்து. ஆஸ்திரேலியாவுக்கு 6 ரன், கையில் 3 விக்கெட். மூன்று விக்கெட்டும் அந்த ஓவரிலேயே விழுந்தன. ஏழாவது பந்தில் ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து குறிபார்த்து எறிய, ஒரே ஒரு ஸ்டம்ப் மட்டும் தெரிந்த கோணத்தில் பந்து அதில் பட்டு, இயன் மெக்கிஃப் ரன் அவுட்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, அமெரிக்காவில் இன்னொரு ஆட்டம். விளையாட்டு பேஸ்பால், ஊர் பிட்ஸ்பர்க். எஃகு உலைகளின் ஊர் அது, புகையும் ஷிஃப்ட்டும் சங்கொலியுமாக வாழ்ந்த தொழிலாளர் நகரம். 1960 அக்டோபர் 13, உலக சீரிஸ் என்று அவர்கள் அழைக்கும் இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எதிரி நியூயார்க் யாங்கீஸ், பணமும் புகழும் நிறைந்த அணி. தொடர் முழுக்க யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பிட்ஸ்பர்க் பைரட்ஸ் எடுத்தது 27. பாதிகூட இல்லை. ஆனாலும் ஆளுக்கு மூன்று ஆட்டம் வென்று சமம். கடைசி ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸின் நடுவில் 9-9. பில் மாஸெரோஸ்கி என்ற, அடிக்குப் பெயர் போகாத, தடுத்துப் பிடிப்பதில் மட்டும் பெயர் எடுத்த ஆட்டக்காரர், சுவருக்கு மேலே ஒரு ஹோம் ரன் அடித்தார். 10-9. பேஸ்பாலில் சமம் என்று விட்டுவிட மாட்டார்கள். முடிவு வரும்வரை இன்னிங்ஸை நீட்டிக்கொண்டே போவார்கள். அங்கே நீட்ட வேண்டியிருக்கவில்லை.

அந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்ட் மைதானம் 1971இல் இடிக்கப்பட்டது. சுவரில் ஒரு பகுதியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 13 அன்று அந்தச் சுவர் அருகே மக்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய வானொலி வர்ணனையின் ஒலிப்பதிவைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேட்கிறார்கள். ஹோம் ரன் அடித்த நிமிடத்தை மட்டும் அல்ல, முழு ஆட்டத்தையும். அவர்களில் அந்த ஆட்டத்துக்குப் பிறகு பிறந்தவர்களும் இருக்கிறார்கள்.

*

சேப்பாக்கத்தின் கணக்கு 1986உடன் தீரவில்லை. 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பையில் அதே மைதானம், அதே இரண்டு அணிகள். ஜோன்ஸ் அடித்த ஒரு பந்தை அம்பயர் பவுண்டரி என்றார். ஆஸ்திரேலியர்கள் சிக்ஸர் என்றார்கள். இடைவேளையில் பேச்சு நடந்து, கபில் தேவ் சரி என்று ஒத்துக்கொண்டார். 268 என்றிருந்த ஸ்கோர் 270 ஆனது. இந்தியா துரத்தியது. கடைசி இரண்டு பந்துகளில் 2 ரன் வேண்டும், ஒரு விக்கெட் மீதம். மட்டை பிடித்து நின்றவர் மறுபடியும் மணிந்தர் சிங். ஸ்டீவ் வா வீசிய பந்தில் போல்ட். இந்தியா 269. ஒரே ஒரு ரன்னில் தோல்வி. கபில் விட்டுக்கொடுத்தது இரண்டு ரன். ஆஸ்திரேலியா அங்கிருந்து புறப்பட்டு நவம்பர் 8 அன்று கல்கத்தாவில் கோப்பையையே வென்றது. தோற்றுச் சோர்ந்துபோயிருந்த அணிக்கு நிமிரும் தெம்பைக் கொடுத்தது சென்னையின் அந்த ஐந்து நாட்கள் என்பதை அந்த அணிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

டீன் ஜோன்ஸ் பின்னாளில் வர்ணனையாளராக இந்தியாவுக்கு எத்தனையோ முறை வந்தார். 2020 செப்டம்பர் 24 அன்று மும்பையில், ஐபிஎல் வர்ணனைக்காக வந்து தங்கியிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். வயது 59. டை டெஸ்ட் முடிந்து 34 ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

1986இல் சேப்பாக்கம் கேலரியில் இருபது வயதில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று அறுபதை ஒட்டியிருப்பார்கள். அவர்களில் சிலர் இந்தத் தடத்து ஆலைகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கலாம். சிலர் இப்போதும் கேட்டில் செக்யூரிட்டியாக, கேன்டீனில் மேற்பார்வையாளராக இருக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வல்லத்திலோ வடகாலிலோ மேட்ச் ஆடப் போகிறவர்கள், ஓவர் இடைவெளியில் அப்படி ஒருவரைப் பிடித்து உட்கார வையுங்கள். கடைசிப் பந்தைக் கேட்காதீர்கள், அது யூடியூபில் இருக்கிறது. சிவ்லால் யாதவ் சிக்ஸர் அடித்தபோது பக்கத்தில் யார் இருந்தார், வெயிலுக்குத் தலையில் என்ன போட்டுக்கொண்டார், 5.18க்குப் பிறகு எந்த பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார் என்று கேளுங்கள். கேட்டதைப் போனில் பதிவு செய்து வையுங்கள்.